பரீட்சைக்குப் படுப்பவர்

மூன்று சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டாயிற்று. நான்காவதற்காக ஒன்றாம் கட்டில்காரர் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே மறைப்புக்கு நிற்கும் துணித்திரை அது. இரும்புச் சட்டம், பச்சைத் துணி, அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள். சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு, சக்கரத்தை விரலால் ஒரு சுற்று, மறுபடி அரைச் சொட்டு. பிறகு எழுந்து திரையை ஒற்றை விரலால் தள்ளினார். அது ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போய் நின்றது.

"இப்பதான் சார் காதுக்கு நிம்மதி. வந்ததிலேர்ந்து கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்கிச்சு."

"ஆஸ்பத்திரி சாமான்ல கை வெச்சா சிஸ்டர் திட்ட மாட்டாங்களா?" என்றேன்.

"திட்டுவாங்க. திட்டிட்டு, மருந்து வண்டியும்தான் சத்தம் போடுது, அதையும் பாருங்கன்னு சொல்வாங்க."

சிஸ்டர் வந்தார். திட்டினார். மருந்து வண்டியைக் காட்டினார். மணி அப்போது ஏழுகூட ஆகவில்லை. இவர் குப்பியோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

இரண்டாவது மாடியில் உள்ள ஒரு வார்டு. வழக்கமான நோயாளிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆறு கட்டில்களில் புது விரிப்பு விரித்து எங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். ஐந்து வருஷம் இது மாதிரி ஆஸ்பத்திரிகளில் இரவு பகல் பாராமல் வேலை செய்து பயிற்சி முடித்த இளம் டாக்டர்கள், நிபுணர் என்ற சான்றிதழுக்காக எழுதும் கடைசிப் பரீட்சை அன்று. தாளில் எழுத வேண்டியதையெல்லாம் எழுதித் தேறிவிட்டார்கள். இது வேறு. முன்பின் தெரியாத ஓர் ஆளின் கட்டிலருகே போய் நிற்க வேண்டும். பத்து நிமிஷத்தில் அவனைத் தொட்டு, தட்டி, கேட்டு, அவனுக்கு என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். இரண்டு பரீட்சகர்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பரீட்சைக்கு வினாத்தாள் நாங்கள்தான்.

எனக்கு மண்ணீரல் பெரிது. என் ரத்த டாக்டர், "ஒரு நாள் வந்து படுத்துக்குங்களேன், பத்திரிகைக்கு எழுத விஷயமும் கிடைக்கும்" என்று ஆசை காட்டினார். இந்த வயதில் எனக்கு வயிற்றைக் காட்டிப் பெயர் வாங்கும் யோகம். இரண்டாம் கட்டில் எனக்கு. ஒன்றாம் கட்டில், பதினான்கு வருஷமாக, அவருக்கு. பரீட்சை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பரீட்சைக்கு உட்காருகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். பரீட்சைக்குப் படுப்பதையே ஒரு பெருமையாக வைத்துக்கொண்டிருக்கும் மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிழைப்புக்கு அவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு படி ஏறினால் கடை. மிதிக்கிற பழைய கறுப்பு மெஷினிலிருந்து, கம்ப்யூட்டர் வைத்துப் பூ போடுகிற மெஷின் வரைக்கும் எல்லாம் அவரிடம் வரும். தெருவில் அவருக்கு மெஷின்காரர் என்று பெயர். போன் செய்து மெஷின் ஓடவில்லை என்று புலம்புகிறவர்களிடம், "போனை மெஷின் பக்கத்துல வெச்சு ஓட்டுங்க" என்பார். கேட்டுவிட்டு, "பாபின்ல நூல் சிக்கியிருக்கு, நான் வரவேண்டாம், நீங்களே எடுத்துடலாம்" என்று வைத்துவிடுவார். இப்படிச் செய்தால் கடை எப்படி ஓடும் என்று அவர் மனைவி கேட்காத நாளில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியிலும் அவருக்கு மெஷின் என்றுதான் பெயர். தொழில் தெரிந்து வைத்த பெயரல்ல. தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதயத்தின் மேல் ஒரு சின்னக் குழாய் திறந்திருக்குமாம். பிறந்த கொஞ்ச நாளில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். இவருக்கு மூடவில்லை. இடது காறை எலும்புக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், மற்றவர்களுக்கு லப்டப் என்று கேட்கிற இடத்தில் இவருக்கு விடாமல் ஒரு இரைச்சல் கேட்கும். ஓடுகிற மெஷின் மாதிரி என்று வைத்தியப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதாம். சின்னக் குழாய்தான், தொந்தரவு கொடுக்காத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"மொதல் மொதல்ல அந்தப் பெரிய டாக்டர் 'மெஷின் சத்தம்'னு சொன்னப்ப நான் பயந்தே போயிட்டேன் சார். நம்ம தொழில் இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு. அப்புறம் விஷயம் புரிஞ்சு மூணு நாள் சிரிச்சேன். எல்லாருக்கும் தொழில் கையில இருக்கும். எனக்கு நெஞ்சுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு."

பரீட்சைக்கென்று அவரிடம் தனிச் சட்டை இருக்கிறது. இளநீலம். அதில் இருந்த பொத்தான்களைப் பிரித்துவிட்டு, கோட்டுக்குத் தைக்கிற பெரிய பொத்தான்களை அவரே தைத்திருக்கிறார். துளைகளையும் அகலப்படுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பிள்ளைங்க கை நடுங்கும் சார். சின்ன பட்டன்னா அதுலயே ரெண்டு நிமிஷம் போயிடும். பாவம், நிமிஷம் அவங்களுக்குத் தங்கம்" என்றார். முந்தின நாள் அந்தச் சட்டையை மனைவி இஸ்திரி போட்டுத் தருவாராம். "இந்த மனுஷன் கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி அலங்காரம் பண்ணிக்கல" என்று வருஷா வருஷம் அதே வசனம்.

நான் புதுசு என்பதால் எனக்குப் பாடம் நடந்தது. "வயித்தை எக்காதீங்க. அவங்க அமுக்கும்போது மூச்சைப் பிடிக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். கூச்சம் வந்தா மேல ஃபேன் இறக்கையை எண்ணுங்க."

"மூணுதானே இருக்கு?"

"எண்ணிக்கிட்டே இருங்க."

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம், துப்புக் கொடுக்கக் கூடாது. சில நோயாளிகள் இரக்கப்பட்டு, அமுக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் காட்டிவிடுவார்களாம். அப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது இவர் முகம் சுளித்துவிடுகிறது. ஒரு வருஷம் ஒரு டாக்டர் பையன், பரீட்சகர்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், "அண்ணே, உங்களுக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?" என்று காதோடு கேட்டானாம். "அதைச் சொல்லத்தான் தம்பி உங்களை வரச் சொல்லியிருக்காங்க" என்றாராம் இவர்.

ஆனால் மார்க் போடுவார். யாரும் கேட்காமல், மனசுக்குள், பத்துக்கு. வந்ததும் வணக்கம் சொல்லிப் பேர் கேட்டால் இரண்டு. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டால் மூன்று. வலித்தால் சொல்லுங்கள் என்றால் இரண்டு. போகும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டால் இரண்டு. நன்றிக்கு ஒன்று.

"வியாதியைக் கண்டுபிடிக்கிறதுக்கு?" என்றேன்.

"அதுக்கு அந்த சாருங்க இருக்காங்களே. அவங்க பாடத்துக்குப் போடுவாங்க. நான் ஆளுக்குப் போடுறேன்."

எட்டுக்கு மேல் அவர் போட்ட ஆள் எல்லோரும் தேறியிருக்கிறார்களாம். புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று சிஸ்டரைக் கேட்டேன். "அட, நிஜம்தாங்க. மத்தியானமே விரல் விட்டுச் சொல்லிடுவார். சாயங்காலம் பாத்தா அப்படியே இருக்கும். எனக்கே பயமா இருக்கும்" என்றார் அவர். போகிற போக்கில், "ஒரே ஒரு தடவைதான் தப்பாப் போச்சு, இல்லியா மெஷின்?" என்று கிள்ளிவிட்டும் போனார்.

இவர் முகம் சுருங்கியது.

எட்டு மணிக்குப் பரீட்சகர்கள் இருவரும் வந்து, முதலில் தாங்களே எங்களைச் சோதித்து, விடை இன்னதென்று ஒருவருக்கொருவர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் உயரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்பவர். இன்னொருவர் மூக்குக் கண்ணாடி. அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக எதிரே நிற்பவர் உயிரை எடுப்பவர். அதற்குள் வெளியே நடைக்கூடத்தில் டாக்டர்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். பேர் கிடையாது, எல்லோருக்கும் சட்டையில் ஒரு நம்பர். கதவு திறந்து மூடிய இடைவெளியில் மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் படக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், அந்தப் பதினொண்ணாம் நம்பர். ஜன்னல் கிட்ட, கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாங்களே. அவங்கதான்."

"எவங்க?"

"நான் தப்பு விட்ட ஆள்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பெண் முதல் தடவை பரீட்சைக்கு வந்தபோது இவர்தான் கட்டிலில். இவர் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறார். "எல்லாம் சரியாப் பண்ணாங்க சார். சத்தத்தைக்கூடக் கேட்டுட்டாங்க, மொகத்துலயே தெரிஞ்சுது. அந்த சார் 'சொல்லுங்க டாக்டர்'னதும் வாய் பூட்டிக்கிச்சு. ஒரு வார்த்தை வரல. மணி அடிச்சாச்சு. பெயில்." போன வருஷம் வேறு யாரோ ஒரு நோயாளி, அப்போதும் அதே கதையாம். அந்த நேரம் பார்த்து வந்த சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, "மூணு தடவைக்கு மேல விடமாட்டாங்க. இதுதான் கடைசி. இதுல போச்சுன்னா அஞ்சு வருஷம் படிச்சது தண்ணியில போட்ட மாதிரிதான்" என்றார்.

மெஷின்காரர் படுத்துக்கொண்டார். அன்று முதல் தடவையாக அவரே ஃபேன் இறக்கையை எண்ணுவதைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு முதல் மணி அடித்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி கையை என் வயிற்றில் வைத்தார். இன்னொருவர் என் பேரைக் கேட்டுவிட்டுத் தன் பேரையும் சொல்லி, நம்பர் மட்டும்தான் சொல்லலாம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நம்பர் இடது பக்கம் இருக்கிற மண்ணீரலைத் தேடி வலது விலாவுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் மெஷின்காரர் தொண்டையைக்கூடக் கனைக்காமல் கிடந்தார். ஒவ்வொருவரும் போனபின் திரை ஓரமாக விரல்கள் மட்டும் தெரியும். ஆறு. ஏழு. எட்டு. ஒரு தடவை நாலு விரல் காட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, ஒன்றை மடக்கினார்.

பன்னிரண்டு மணிக்குப் பதினோராம் நம்பர் ஒன்றாம் கட்டிலுக்கு வந்தார். அப்போது என் கட்டில் காலி நேரம். திரை அரையடி விலகியிருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

"வணக்கம் ஐயா. உங்க பேர்..." என்று ஆரம்பித்த பெண் நிறுத்தினார். இவர் முகத்தைப் பார்த்தார். நீலச் சட்டையின் பெரிய பொத்தான்களைப் பார்த்தார். இவரோ கூரையைப் பார்த்துக்கொண்டு முகத்தை மரக்கட்டையாக வைத்திருந்தார். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். விடை தெரிந்த கேள்வி. இரண்டு வருஷமாகக் கனவிலும் மறந்திருக்க முடியாத விடை. இந்தத் தடவை மனப்பாடமாகவே ஒப்பித்திருக்கலாம்.

அந்தப் பெண் பரீட்சகர்கள் பக்கம் திரும்பினார். "சார், இவரை எனக்குத் தெரியும். நான் மொதல் தடவை வந்தப்ப இவர்தான் எனக்கு கேஸ்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். உயரமானவர் அவரைப் பார்த்தார். பார்த்த நோயாளியே திரும்ப வந்தால் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

"சரி. அப்ப அடுத்த கட்டிலுக்குப் போங்க" என்றார் உயரமானவர். "நேரம் இப்பலேர்ந்து கணக்கு."

அந்தப் பெண் ஓடிவரவில்லை. மெஷின்காரரின் நெஞ்சு வரைக்கும் போர்வையை இழுத்து விட்டு, "நன்றிங்கய்யா" என்றுவிட்டுத்தான் நகர்ந்தார். திரையைச் சரியாக இழுத்து மூடினார்கள். இப்போது அந்தப் பெண்ணின் தலையெழுத்து முழுக்க என் வயிற்றில்.

உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். எங்காவது வலிக்கிறதா என்று கேட்டார். வயிற்றின் வலது கீழ்மூலையில் ஆரம்பித்து, நான் மூச்சை இழுக்க இழுக்க, ஒவ்வொரு அங்குலமாகக் கையைக் குறுக்கே இடது விலாவை நோக்கி நகர்த்தினார். இதுதான் சரியான வழி என்று காலையில் பரீட்சகர்கள் பேசிக்கொண்டதிலிருந்து எனக்கும் தெரியும். ஓரிடத்தில் அந்த விரல்கள் நின்றன. கண்டுபிடித்துவிட்டார்! எனக்குள் பட்டாசு வெடித்தது. என்னை வலப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி மறுபடி தொட்டு நிச்சயம் செய்துகொண்டார். கீழிமையை இழுத்துக் கண்ணில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். கழுத்து, அக்குள், எல்லாம் ஆயிற்று. நேரமும் மிச்சம் இருந்தது.

"சொல்லுங்க டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவ்வளவுதான். பூட்டிக்கொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மண்ணீரல், மண்ணீரல், ஐந்தே எழுத்து, சொல்லுங்கம்மா என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. ஃபேன் இறக்கையை எண்ணினேன். மூன்றுதான் இருந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போது பச்சைத் துணியில் ஒரு மேடு கிளம்புவதைப் பார்த்தேன். முதலில் ஒரு காது. பிறகு கன்னம். பிறகு தோள். பதினான்கு வருஷமாகக் கட்டிலில் அசையாமல் கிடந்த மனிதர், தான் போட்ட ஒன்பது மார்க்கின் கதி என்ன என்று தெரியாமல் இருப்புக்கொள்ளாமல், திரையில் சாய்ந்து ஒட்டுக் கேட்கிறார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தத் திரை துருப்பிடித்த சக்கரத்தோடு நின்ற இடத்தில் நின்றிருக்கும். அன்று காலைதான் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் விட்டிருந்தாரே!

திரை சத்தமே இல்லாமல் ஓடியது. அவர் சத்தத்தோடு விழுந்தார்.

இரும்புச் சட்டம் மருந்து வண்டியில் மோத, வண்டி தன் பங்குக்கு வழுக்கிக்கொண்டு போய் சுவரில் இடிக்க, வார்டே அதிர்ந்தது. பரீட்சகர்கள் இருவரும் நின்ற இடத்தில் திகைத்தார்கள். நான் எழுந்து உட்கார்வதற்குள் பதினோராம் நம்பர் தரையில் இருந்தார்.

"யாரும் தூக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்." அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "ஐயா, என்னைப் பாருங்க. தலையில அடிபட்டுச்சா? கழுத்து வலிக்குதா? இது எத்தனை விரல்? சரி. கையை மடக்குங்க. நீட்டுங்க. சிஸ்டர், பஞ்சும் மருந்தும் கொண்டாங்க. சார், முழங்கையில சிராய்ப்பு மட்டும்தான். எலும்பு நல்லா இருக்கு. நாடி தொண்ணூறு, சீரா இருக்கு." கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் தலையாட்டினார். அந்தப் பெண் மணிக்கட்டை விடாமலே கேட்டார். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. மயக்கம் வந்து விழுந்தீங்களா, வழுக்கி விழுந்தீங்களா?"

மெஷின்காரர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டும் இல்லம்மா. ஒட்டுக் கேட்டு விழுந்துட்டேன்."

முதலில் சிரித்தது உயரமானவர். கைகள் பின்னால் இருந்து அவிழ்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டன. பிறகு சிஸ்டர், பிறகு நான், பிறகு ஆறாம் கட்டிலில் இருந்த மூட்டுவலிக்காரர். பதினோராம் நம்பரும் சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

உயரமானவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இதுல போன நேரத்தை உங்களுக்குத் தரணும். டாக்டர், இப்ப இவரைப் பத்தி எங்ககிட்ட மடமடன்னு சொன்னீங்களே. அவரைப் பத்தியும் சொல்லிடுங்க."

அந்தப் பெண் இன்னும் முழங்காலிட்டபடியேதான் இருந்தார். அங்கிருந்தே என் பக்கம் திரும்பினார். என் மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கிறது என்றார். கண்ணில் லேசான மஞ்சள், கொஞ்சம் ரத்தசோகை, கல்லீரல் பெரிதாகவில்லை, கழுத்தில் கட்டி எதுவும் இல்லை என்றார். வரிசையாக, நிதானமாக, மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். என்னை ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள் என்று கண்ணாடிக்காரர் மடக்கினார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இதே மாதிரி மஞ்சளோ, பித்தப்பையில கல்லோ இருந்துதான்னு கேப்பேன் சார். இது பரம்பரையா வர்றதுன்னு நினைக்கிறேன்."

என் அப்பாவுக்கு இருபத்தைந்து வயதிலேயே மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்கிக் கத்தலாம் போலிருந்தது. மணி அடித்துவிட்டது.

மத்தியானம் ரொட்டியும் டீயும் கொடுத்தார்கள். மெஷின்காரர் தொடவில்லை. முழங்கையில் கட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "பதினாலு வருஷமா இல்லாத கூத்து! அடுத்த வருஷம் கட்டிலோட சேத்துக் கட்டித்தான் போடப் போறேன்" என்று சிஸ்டர் வறுத்தெடுத்ததுகூட அவர் காதில் ஏறவில்லை. சிஸ்டர் சொல்லி, வீட்டிலிருந்து போன் வந்தது. "ஒண்ணுமில்ல, சும்மா சிராய்ப்பு" என்றார். அந்தப் பக்கம் ஒரு நீண்ட அர்ச்சனை நடந்தது. "சரி... சரி... அதான் சரிங்கிறேன்ல" என்று வைத்தார்.

"சார், நான் விழுந்ததுனால அவங்களுக்குக் கெட்டுப் போயிருக்குமோ?"

"விழுந்ததுனாலதான் வாயே திறந்துச்சு."

"அந்தக் கண்ணாடி சார் எழுதும்போது சிரிக்கலையே. கவனிச்சீங்களா?" கவனிக்கவில்லை. "நான் விழுந்து எந்திரிக்கிறதுக்குள்ள அந்த சாருங்க மனசுல மார்க் போட்டு முடிச்சிருந்தா?" என்றார்.

பேச்சை மாற்றுவதற்காக, எத்தனை மார்க் என்று கேட்டேன். பதினோராம் நம்பருக்கு அவர் போட முடியாதாம். "எங்கிட்ட பரீட்சை குடுக்கலையே சார். உங்க கட்டில். நீங்கதான் போடணும்."

"பத்துக்குப் பத்து" என்றேன்.

"மொதல் தடவை போடுறவங்க எல்லாம் இப்படித்தான் அள்ளி விடுவாங்க. உங்க சட்டை பட்டனைப் போட்டு விட்டாங்களா?"

"எங்கே போட? உங்களைத் தூக்கத்தான் ஓடியாச்சே."

"அதுக்காக? உங்க வயிறு திறந்துதானே கெடந்துச்சு. ரெண்டு கம்மி. எட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆளை விழுந்தடித்துக் காப்பாற்றியவருக்கு மார்க்கைக் குறைக்கிறாரே! ஆனால் எட்டு என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியதை வைத்துப் பார்த்தால், என்னைவிட அவருக்குத்தான் அது அதிகம் வலித்தது. நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு அவர் ரொட்டியையும் சாப்பிட்டேன்.

மற்ற நோயாளிகள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவர் போகவில்லை, அதனால் நானும் போகவில்லை. நாலரை மணிக்கு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, நடைக்கூடத்துக் கண்ணாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். தேறியவர்களின் நம்பர் மட்டும். கூடியிருந்த டாக்டர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யாரும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. மெஷின்காரர் அவர்களை விலக்கிக்கொண்டு நேரே போனார். போய் நின்ற பிறகுதான் தன் படிக்கிற கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்று ஞாபகம் வந்தது.

"சார், படிங்க."

"ரெண்டு. அஞ்சு. ஆறு. ஒம்போது." என் விரல் கீழே இறங்கியது. "பதினொண்ணு."

"சரியாப் பாருங்க. பன்னெண்டா இருக்கப் போவுது."

"பன்னெண்டு கீழ இருக்கு. இது பதினொண்ணு. ரெண்டு குச்சி!"

அவர் ஒரு சத்தம் போட்டார். அது சொல்லாக இல்லை. பிறகு சுற்றுமுற்றும் தேடினார். ஆளைக் காணோம். பதினோராம் நம்பர் மாடிப்படியில், கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்க்கத் தைரியம் இல்லை. மெஷின்காரர் படியில் இரண்டிரண்டாக இறங்கினார்.

"டாக்டரம்மா! இருக்கு! பதினொண்ணு இருக்கு! சாரைக் கேளுங்க, ரெண்டு குச்சி!"

அந்தப் பெண் நம்பவில்லை. மேலே ஓடிவந்து கண்ணாடிக் கதவில் மூக்கு முட்ட நின்று பார்த்தார். தாளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், போனை எடுத்து "அம்மா" என்றார், அதற்குமேல் வரவில்லை, சிரித்துக்கொண்டே அழுதார். அந்தப் பக்கம் அம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்குள் நடைக்கூடம் முழுக்க ஒரே கூச்சல். யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். தேறாத இருவரைச் சுற்றி நாலு பேர் தோளில் கை போட்டு நின்றார்கள். நாலைந்து போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன. என் கண்ணும் கலங்கிவிட்டது, என்னத்தை மறைப்பது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் எங்களைத் தேடி வந்தார். முதல் காரியமாக இவர் முழங்கைக் கட்டைப் பிரித்துப் பார்த்து, திரும்பக் கட்டினார். அடுத்து என்னிடம், "சார், பித்தப்பைக்கு ஸ்கேன் எடுத்து எவ்வளவு நாளாச்சு?" என்றார். எடுத்த ஞாபகமே இல்லை என்றேன். "நாளைக்கே எடுங்க" என்று திட்டினார். சற்று முன்வரை நம்பராக இருந்த ஆளிடம் நான் கைகட்டிக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்றேன்.

மெஷின்காரர் ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடி வந்தார்.

"டாக்டரம்மா, இப்ப பரீட்சை முடிஞ்சுதுல்ல? நான் பேசலாம்ல?"

"பேசுங்கய்யா. ஒட்டுக்கூடக் கேக்கலாம்."

"பதினாலு வருஷம் ஆச்சும்மா. உங்களை மாதிரி நூறு பேராவது இந்த நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டிருப்பாங்க. ஒருத்தர் மொகம் மாறும், ஒருத்தர் சிரிப்பாங்க, ஒருத்தர் மறுபடி மறுபடி வெச்சுக் கேப்பாங்க." தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒரு தடவை குடுப்பீங்களா? நான் கேட்டதே இல்ல."

அந்தப் பெண் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, இரண்டு முனையையும் தானே அவர் காதுகளில் பொருத்தி, வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, காறை எலும்புக்குக் கீழே வைத்தார்.

நடைக்கூடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். யாரோ உரக்கச் சிரித்தார்கள். மெஷின்காரரின் வாய் லேசாகத் திறந்தது. கண் எங்கேயோ போய் நின்றது. கட்டுப்போட்ட கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அந்தக் கைக்கு இருபது டாக்டர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். படியில் பேசிக்கொண்டு இறங்கிய இரண்டு பரீட்சகர்களும் நின்றார்கள். வெகுநேரம் அவர் கையை இறக்கவில்லை.